சிறுகுருவியின் சுற்று

ஹைதராபாத்தில் பறவைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னதும் பெரும்பாலோர் அமீன்பூர் ஏரியைப் பற்றித்தான் கேட்பார்கள். பூநாரை வந்துவிட்டதா, இந்த வருஷம் நிறையவா என்று. 2016-இல் அந்த ஏரி பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அதன் கரையில் முக்காலிகள் வரிசை கட்டுகின்றன. பூநாரை நின்று கொடுக்கும் பறவை. வெயில் ஏறும்வரை காத்திருந்து, வேண்டிய கோணத்தில் எடுக்கலாம். நான் தேடிப்போவது வேறு கூட்டம்: தையல்சிட்டு, கதிர்க்குருவி, தேன்சிட்டு, பூக்கொத்தி, மாம்பழச்சிட்டு, விசிறிவாலி. எல்லாம் ஐந்து கிராமிலிருந்து பதினைந்து கிராமுக்குள். ஒரு கிளையில் இரண்டு நொடி தங்கினாலே அதிகம்.

இந்தக் குருவிகளைப் படம் எடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒரு கணக்கு. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள குருவி பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது. கையில் 400 மில்லிமீட்டர் லென்ஸ். சென்சாரில் அந்தக் குருவி விழும் அளவு நான்கு மில்லிமீட்டர். முழு அளவுச் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர் என்பதால், படத்தில் குருவி ஒன்பதில் ஒரு பங்குதான். அதே குருவி ஐந்து மீட்டரில் இருந்தால் எட்டு மில்லிமீட்டர். 800 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கொட்டவேண்டிய லட்சங்களுக்கு என்ன பலனோ, அதே பலன் அந்த ஐந்து மீட்டர் நெருக்கத்தில் கிடைத்துவிடுகிறது. ஆனால் நாம் ஐந்து மீட்டர் முன்னால் போனால் குருவி பத்து மீட்டர் பின்னால் போகும். அதுவாக வரவேண்டும். அது வரும் இடத்தில் நாம் முன்கூட்டியே இருக்கவேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாரேட்பள்ளியில் இருந்த ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர். இன்று டெக்கான் பேர்டர்ஸ் என்று அழைக்கப்படும் சங்கம் ஆந்திரப் பிரதேசப் பறவை நோக்குவோர் சங்கமாக இருந்த காலத்திலிருந்தே அவர்களோடு ஏரி ஏரியாகச் சுற்றியவர். கேமரா வைத்துக்கொண்டதே இல்லை. கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர், சட்டைப் பையில் சின்ன நோட்டு. "அது பின்னாடி ஓடாதேம்மா. திரும்பி எந்தச் செடிக்கு வருதுன்னு பாரு. அங்க போய் உட்கார்ந்துக்கோ" என்றார். திரும்பி வரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுக்கும் வயிறு இருக்கே. தெரிஞ்ச இடத்துக்குத்தானே போகும்?"

அவர் சொன்னதை நான் சுற்று என்று வைத்துக்கொண்டேன். பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி கோயிலைச் சுற்றிய தெருக்களில், காம்பவுண்டு வைத்த பழைய வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. செம்பருத்தி, எலுமிச்சை, மாதுளை, மூலையில் ஒரு முருங்கை. அங்கே ஒரு ஜோடித் தையல்சிட்டுக்கு எந்தச் செடியிலிருந்து எந்தச் செடி என்பது ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும். செம்பருத்தியின் அடியில் நுழைந்து, இலையின் பின்பக்கத்தைத் துழாவி, சுவரோரமாகவே எலுமிச்சைக்குத் தாவி, கொடிக்கம்பி மேல் ஒரு கணம் நின்று, பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கால் மணியோ இருபது நிமிஷமோ கழித்து மறுபடி செம்பருத்தியில் குரல் கேட்கும். அந்தக் கொடிக்கம்பிதான் எனக்கு வேண்டிய இடம். சுற்றிலும் திறந்த வெளி, பின்னால் தூரத்தில் பச்சை, காலை வெயில் என் முதுகுப் பக்கம். கேமராவைத் திறக்காமல் சில நாள் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கம்பிக்கு எதிரே உட்காருவேன்.

தையல்சிட்டு உருவத்துக்குப் பொருந்தாத சத்தம் போடும். ஆண் குருவி கூவும்போது அருகிலிருந்து பார்க்க வேண்டும். வால் செங்குத்தாக நிற்கும், அலகு விரியத் திறக்கும், தொண்டை ஒவ்வொரு குரலுக்கும் பம்பு போட்டதுபோல் ஏறி இறங்கும். அப்போது கழுத்தின் இரண்டு பக்கமும் கருப்பாக ஒரு திட்டு தெரியும். அது இறகின் நிறமல்ல. இறகு விலகும்போது அடியில் இருக்கும் கரிய தோல் வெளியே தெரிகிறது. கூவி முடித்ததும் இறகு மூடிக்கொள்ளும், திட்டு காணாமல் போகும். என்னிடம் இருக்கும் தையல்சிட்டுப் படங்களில் அந்தத் திட்டு தெரியும் படங்களைத்தான் நான் மேலாக நினைக்கிறேன். கூவிக்கொண்டிருக்கிறது என்று படமே சொல்லிவிடுகிறதே.

கைப்பழக்கம் என்று சில உண்டு. அவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். குருவியைக் கண்ணால் பிடித்துவிட்டால் கண்ணை எடுக்கக் கூடாது. பார்வையை அதன்மேலேயே வைத்து, கேமராவைப் பார்வைக்கு நேராக உயர்த்த வேண்டும். கச்சிபௌலியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னோடு வருகிறாள். முதலில் எல்லாம், "அக்கா, ஃபிரேமுக்குள்ள வரவே மாட்டேங்குது" என்பாள். குருவி இருக்கும், இவள் குனிந்து கேமராவைப் பார்ப்பாள், நிமிர்ந்தால் வெறும் இலை. ஜூம் லென்ஸ் என்றால் 200-இல் தொடங்கி, குருவியைச் சட்டத்துக்குள் வாங்கிய பிறகு 600-க்குப் போகவேண்டும். லென்ஸில் தூர வரம்புக்கு ஒரு விசை இருந்தால், உட்காரும்போதே அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஷட்டர் 1/2000-க்குக் கீழே நான் போவதில்லை. அடர்ந்த நிழலில் ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறட்டும். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைப் பிறகு சரிசெய்ய முடியும், அசைந்த படத்தைச் சரிசெய்ய முடியாது.

தெளிவின் ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 500 மில்லிமீட்டர் லென்ஸ், துளை 5.6, குருவி நான்கு மீட்டரில். அப்போது தெளிவாக விழும் ஆழம் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். குருவி நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் அலகும் கண்ணும் தெளிவாக இருக்கும்போதே முதுகு கலங்கத் தொடங்கிவிடும். பக்கவாட்டில் நின்றால் முழு உடம்பும் அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். பக்கவாட்டில் நிற்கும் நொடிக்குக் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

தேன்சிட்டு விஷயத்தில் பூ எங்கே என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த ஊரில் அலுவலக வளாகங்களிலும் சாலை நடுவிலும் ஹமீலியா வேலி நிறைய. ஆரஞ்சுச் சிவப்பில் குழல் குழலாகப் பூ. ஒரு வேலியை ஓர் ஆண் ஊதாத் தேன்சிட்டு தனதென்று எடுத்துக்கொண்டால் மற்றவற்றை விரட்டிக்கொண்டே இருக்கும். விரட்டிவிட்டு வந்து உட்காரும் குச்சி பெரும்பாலும் ஒன்றே. அந்தக் குச்சியைக் கண்டுபிடித்தால் காலை முழுக்க வேலை இருக்கும். ஆனால் வெளிச்சம் ஏமாற்றும். அதன் ஊதாவும் பச்சையும் சாயமாக உள்ள நிறமல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றுபவை. எதிர்வெயிலில் அது ஒரு கரிக்கட்டி. முதுகில் வெயிலை வைத்துக்கொண்டு, அது தலையைத் திருப்பும் கணத்தில் எடுத்தால் நெற்றியிலிருந்து மார்புவரை நிறம் பற்றி எரியும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இதே ஆண் அந்த மினுமினுப்பை உதிர்த்துவிடும். வயிறு மஞ்சளாகி, தொண்டையிலிருந்து நடு மார்பு வழியாகக் கருநீலக் கோடு ஒன்று மட்டும் மிஞ்சும். மழை முடிகிற மாதங்களில் எனக்கு வரும் 'இது என்ன குருவி' கேள்விகளில் பல இந்தக் கோடு போட்ட தேன்சிட்டைப் பற்றியவை.

பிப்ரவரி, மார்ச்சில் புரசு பூக்கும். இங்கே மோதுகு என்பார்கள். கல்யாண முருங்கையும் அதையொட்டியே பூக்கும். இலையில்லாத மரம், சிவந்த பூ, தேன் குடிக்கும் சிட்டின் நெற்றியில் அப்பியிருக்கும் மகரந்தம். பறவைகளுக்கும் பூக்களுக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பறவையியலாளர் சாலிம் அலி 1932-இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதியிருக்கிறார். அவர் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியதும் அதே காலம்தான். அதன் அறிக்கை 1933, 34-இல் அதே இதழில் பகுதி பகுதியாக வந்தது. அந்தக் காலத்து முறைப்படி சுட்டு, தோலைப் பதப்படுத்தி, அளந்து எழுதியது. எந்தக் குருவி எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று இந்தத் தக்காணத்துக்கு ஓர் அடித்தளம் கிடைத்தது அதில்தான். இந்த ஊரில் படம் எடுப்பவர்கள் அதைத் தேடிப் படிக்கவேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். நம் லென்ஸுக்கு முன்னால் வந்து நிற்பது எத்தனை காலமாக இங்கே இருக்கும் குடி என்பது தெரியும்.

பூக்கொத்தியைத் தேடுகிறவர்கள் பழத்தைப் பார்க்கவேண்டும். தெருவோரச் சர்க்கரைப்பழ மரம், மாமரத்தில் தொற்றிய புல்லுருவி. எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், சாம்பல் பச்சை. நிறத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புல்லுருவியின் பழத்தை விழுங்கி, பசை ஒட்டிய கொட்டையைக் கிளையில் தேய்த்து விடுவதை நாலு மீட்டரில் பார்த்தவர்கள் அதைச் சாதாரணக் குருவி என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் கொட்டை அங்கேயே முளைத்து அடுத்த புல்லுருவியாகும். மாந்தோப்புக்காரருக்கு அது தொல்லை, குருவிக்கு அடுத்த வருஷச் சாப்பாடு.

இவையெல்லாம் தெருவிலும் தோட்டத்திலும் கிடைப்பவை. ஆனால் ஹைதராபாத்தின் சிறுகுருவி உலகம் உண்மையில் புதர்க்காட்டில்தான் இருக்கிறது. பாறை, பாறைக்கிடையே சீத்தாப்பழச் செடி, ஆவாரை, ஈச்சை, முட்புதர். ஆவாரை இங்கே தங்கேடு. தெலங்கானாவின் மாநிலப் பூ, பதுகம்மா பண்டிகைக்கு அடுக்குவது. பூப்பறிப்பவர்களுக்கு முன்பே அந்தச் செடிகளில் சாம்பல் கதிர்க்குருவி குடியிருக்கும். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் பறக்கும்போது பட்பட்டென்று ஒரு சத்தம் வரும், மின்கம்பியில் பொறி தெறிப்பது போல. சத்தம் கேட்டதும் பறந்த இடத்தைப் பார்க்காமல் அடுத்த செடியின் உச்சியைப் பார்க்க வேண்டும். ஏறி உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்கும். ஜூபிலி ஹில்ஸை ஒட்டிய காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் நின்று, "ஏம் பிட்ட மேடம்?" என்று, என்ன குருவி என்று கேட்பார்கள். கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிக் காட்டுவேன். பல வருஷமாக அந்தப் பாதையில் நடக்கும் பெரியவர் ஒருவர், "இது இங்கேயா இருக்கு?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, நடப்பதை நிறுத்தி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் புதர்க்காட்டைக் காடு என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் அதிகம். உயர்ந்த மரம் இல்லை, அருவி இல்லை, காலி மனை என்று நினைத்துவிடுகிறார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியின் சுமார் 400 ஏக்கரில் 2025 மார்ச் கடைசியில் புல்டோசர்கள் இறங்கின. மாணவர்கள் எழுந்தார்கள், வழக்கு நடந்தது, ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்னது. அதற்குள் நிறைய மரம் சாய்ந்துவிட்டது. மயில்களின் அலறலை நாடே கேட்டது. அந்தக் காணொளிகள் எங்கும் பரவின. கதிர்க்குருவிகள் அலறினாலும் யாருக்கும் கேட்காது. ஒரு ஜோடிக் கதிர்க்குருவிக்கு நாலைந்து புதர்தான் வீடு. மார்ச் மாதம் பல குருவிகள் கூடு கட்டத் தொடங்கும் காலம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். படம் எடுப்பவர்களுக்கு அந்த இடங்களின் ஒவ்வொரு புதரும் தெரியும். அங்கே என்ன இருந்தது என்று தேதி போட்ட படத்தோடு சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

செப்டம்பர் கடைசியில் வெளியூர்க்காரர்கள் வந்து சேருவார்கள். வேப்ப மரத்தின் மேற்கிளையில் 'திஸ்லி' என்று ஒரு குரல் கேட்டால் பச்சைக் கதிர்க்குருவி வந்துவிட்டது என்று அர்த்தம். எடை எட்டு கிராம் அளவு. இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறது. உயிரியல் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த குருவி இது. திபெத்தின் பீடபூமியைச் சுற்றி இரண்டு பக்கமும் இதன் கூட்டங்கள் வளையம் போலப் பரவியிருக்கின்றன. பக்கத்துக் கூட்டத்தோடு பக்கத்துக் கூட்டம் கலக்கிறது, ஆனால் வளையத்தின் இரு முனைகளும் சைபீரியாவில் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டை மற்றொன்று தன்னினமாக எடுத்துக்கொள்வதில்லை. கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் 1938-இல் எழுதிவைத்ததை டேரன் இர்வினும் கூட்டாளிகளும் 2001-இல் பாட்டையும் மரபணுவையும் வைத்து விரிவாகக் காட்டினார்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் முண்டந்துறையில் மதுசூதன் கட்டியும் டிரெவர் பிரைஸும் இதைக் குளிர்காலத்தில் ஆராய்ந்தார்கள். வந்த இடத்திலும் ஒவ்வொன்றும் தனக்கென எல்லை வகுத்துக்கொண்டு பூச்சி பிடிக்கிறது. எனக்கு இது வேலைக்கு உதவும் செய்தி. விருந்தாளிக்கும் சுற்று உண்டு. எந்த வேம்பு என்று அக்டோபரில் தெரிந்துகொண்டால் மார்ச் வரை அதே வேம்பு.

அனந்தகிரிக்குப் போனால் ஆட்டம் மாறும். விகாராபாத் பக்கம், மூசி ஆறு பிறக்கும் மலை. அங்கே குளிர்காலத்தில் கலப்புக் கூட்டமாக வரும்: மின்சிட்டு, வெள்ளைக்கண்ணி, மாம்பழச்சிட்டு, விசிறிவாலி, சாம்பல் சிட்டு. பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று மரம் முழுக்கக் குரல், அடுத்த ஐந்து நிமிஷத்தில் எல்லாம் கடந்துவிடும். பின்தொடர்ந்தால் முதுகும் வாலும்தான் கிடைக்கும். குரல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டு, பக்கவாட்டில் நடந்து, கூட்டத்துக்கு முன்னால் போய் ஒரு திறப்பைப் பார்த்து நின்றுகொள்ள வேண்டும். விசிறிவாலி தாழ்ந்து பறந்து, வாலை விரித்துப் பூச்சியைக் கிளப்பும். மேலே அண்ணாந்து எடுக்கத் தேவையில்லாமல் கண்மட்டத்தில் கிடைக்கும் ஒரே ஆள் அதுதான்.

செய்யக் கூடாதவை என்று இரண்டில் எனக்கு விட்டுக்கொடுத்தல் இல்லை. ஒன்று கூடு. நீண்ட லென்ஸ் இல்லாத காலத்தில் கூட்டுக்கு எதிரே மறைவிடம் கட்டி எடுத்தார்கள். சாலிம் அலியோடு இந்தியாவில் சுற்றிய சிங்கப்பூர் சினிமா அதிபர் லோக் வான் தோவின் புகழ்பெற்ற படங்களில் பல அப்படி வந்தவை. குருவி நிச்சயம் திரும்பி வரும் இடம் கூடு ஒன்றுதான் என்பதால் அந்த வழி. இன்று அதற்குத் தேவையே இல்லை. இலை மறைக்கிறது என்று ஒரு குச்சியை ஒதுக்கினாலே மதிய வெயில் குஞ்சு மேல் விழும். நாம் நிற்பதைக் காக்கையும் வால்காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். போட்டிகள் பலவும் இதழ்கள் பலவும் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. இன்னொன்று, போனில் பதிவுசெய்த குரலைப் போட்டு வரவழைப்பது. எல்லையைக் காக்க நாள்தோறும் அலையும் எட்டு கிராம் குருவியை, இல்லாத எதிரியோடு சண்டைக்கு அனுப்புகிற வேலை அது. அப்படி வந்து நிற்கும் குருவியின் இறகு சிலிர்த்திருக்கும், அலகு திறந்திருக்கும். பழகிய கண்ணுக்குப் படத்திலேயே தெரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் மாற்று, கூர்ந்து பார்ப்பதுதான். தானே பொருத்திச் செய்த கேமராவோடு காட்டில் நடந்து, கருப்பு வெள்ளையில் வாழ்நாள் முழுக்க எடுத்த மா. கிருஷ்ணன், நம் வீட்டைச் சுற்றிய சாதாரணப் பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதியவை 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பில் இருக்கின்றன. கூர்ந்து பார்ப்பது என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு அந்தப் புத்தகத்தைத்தான் கையில் கொடுக்கிறேன்.

2020-க்குப் பிறகு வந்த மிரர்லெஸ் கேமராக்கள் குருவியின் கண்ணைத் தாமே கண்டுபிடிக்கின்றன. சத்தமும் இல்லை. முன்பெல்லாம் கதிர்க்குருவிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத்தான் கேமரா பிடித்துக்கொள்ளும். இப்போது இலைக்கு நடுவே ஒரு கண் தெரிந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. நான் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன். ஆனால் எந்தச் செடி, எந்தப் பக்கம் வெயில், எத்தனை மணிக்குச் சுற்று என்பதைக் கேமரா சொல்லாது. நம் ஊரில் பாறை சூடேறிவிட்டால், கோடையில் ஒன்பது மணிக்கே காற்று அலையாடத் தொடங்கும். அப்புறம் எந்த லென்ஸும் இறகை இறகாகக் காட்டாது. ஜூனில் மழை இறங்கியதும் வரும் மூடாக்கு வெளிச்சம்தான் எனக்குப் பிடித்தது. நிழல் மென்மையாக இருக்கும், நாள் முழுக்க எடுக்கலாம். ஆண் மாம்பழச்சிட்டு உடம்பை உப்பிப் பந்தாக்கிக்கொண்டு மரத்திலிருந்து சுழன்று இறங்குவதும் அந்த நாட்களில்தான்.

அழகாக வராத படங்களையும் நான் அழிப்பதில்லை. குளிர்காலத்தில் ஏரிக்கரைப் புதரில் 'டெக், டெக்' என்று ஒரு பழுப்புக் குருவி உள்ளேயே திரியும். பிளித் நாணல் கதிர்க்குருவியா, வயல் கதிர்க்குருவியா என்பது இந்த ஊர்ப் பறவை நோக்குவோர் மத்தியில் வருஷம்தோறும் நடக்கும் விவாதம். வெள்ளைப் புருவம் கண்ணுக்கு முன்னாலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டால் பிளித். கண்ணைத் தாண்டிப் பின்னாலும் ஓடி, அதன் மேல்விளிம்பில் கருமை இருந்தால், அலகும் சற்றுக் குட்டையாக இருந்தால், வயல். குச்சி குறுக்கே போன, பாதி உடம்பு இலையில் மறைந்த ஒரு படத்தில் புருவம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தால் போதும். அப்படி ஒன்றைப் போன ஜனவரியில் எடுத்தேன். புருவம் கண்ணுக்குப் பின்னால் நன்றாக நீண்டிருந்தது. நண்பர்களுக்கு அனுப்பினேன், இரண்டு நாள் வாதாடினார்கள், வயல் என்று முடிவானது. தேதியையும் இடத்தையும் போட்டு இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினேன். கச்சிபௌலிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இதையா அக்கா போட்டீங்க? முகமே சரியா தெரியலையே" என்றாள். புருவத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அடுத்த ஞாயிறு அதே புதருக்கு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள்.